வீடியோ மேடத்தின் வீட்டுக்காரர்

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கோட்டை சார் என்று பெயர். சரித்திரப் பாடம் எடுக்க வந்த முதல் வருடத்தில் கரும்பலகை முழுக்க ஒரு கோட்டையை வரைந்தார். அகழி தோண்டி அதில் தண்ணீர் விட்டு, வாசல் கதவில் இரும்புக் குமிழ்கள்கூட வைத்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இப்ப இதை எப்படி உடைப்பீங்க?" என்று கேட்டார். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கடைத்தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி, "சார், அந்த முற்றுகைக் கதையை இன்னும் மறக்கல சார்" என்பார். அவர் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் தலையசைப்பார். ஆனால் அன்று முழுக்க நடையிலேயே ஒரு மிடுக்கு இருக்கும்.

அவர் மனைவி அதே பள்ளியில் நூலகர். பிள்ளைகளுக்கு லைப்ரரி மேடம். ஒன்பதாம் வகுப்பும் நூலகமும் ஒரே பெரிய அறையைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்தவை. அந்தப் பக்கம் கோட்டை இடிந்து விழும்போது இந்தப் பக்கம் அவர் புத்தக முதுகுகளில் எண் ஒட்டிக்கொண்டிருப்பார். அவரை யாரும் கடைத்தெருவில் நிறுத்தியதில்லை.

நிலைமை மாறியது ஒரு தொண்டைக் கட்டால்.

நூலகத்தில் புத்தகம் தேட ஒரு கணினித் தளம் வந்திருந்தது. அதோடு பழைய செய்தித்தாள்கள், கட்டுரைகள், வரைபடங்கள் எல்லாம் அடங்கிய ஒரு பெரிய மின்தொகுப்புக்கும் பள்ளி சந்தா கட்டியிருந்தது. எப்படி உள்ளே நுழைவது, எந்தச் சொல்லைப் போட்டால் எது வரும், எடுத்ததை எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படி எழுதுவது — இதையே ஒவ்வொரு வகுப்புக்கும், வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சுக்கும், பெஞ்சில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிச் சொல்லி மேடத்தின் குரல் ஒரு நாள் அப்படியே நின்றுபோனது. டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வேதியியல் ஆசிரியர் யோசனை சொன்னார். இளவயதுக்காரர், கணினி என்றால் விரல் நிற்காது.

"ஒரே விஷயத்தை எதுக்கு மேடம் நூறு தடவை சொல்றீங்க? தொண்டை சரியானதும் ஒரே ஒரு தடவை சொல்லிப் பதிவு பண்ணி வெச்சிடுங்க. திரையில நீங்க என்ன செய்றீங்களோ அது அப்படியே வீடியோவா வந்துடும். அம்புக்குறி எங்க போகுது, எதை அழுத்தறீங்க, எல்லாம் தெரியும். கூடவே உங்க குரல்."

மேடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'என் முகம் வருமா?'

"வராது மேடம்."

'அப்ப சரி.'

இப்படித்தான் ஆரம்பித்தது. முதல் வீடியோ, ஒரு புத்தகத்தைத் தேடி அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அடுத்தது, மின்தொகுப்புக்குள் நுழைவது. அதற்கடுத்தது, பார்த்து எழுதுவதற்கும் படித்து எழுதுவதற்கும் என்ன வித்தியாசம் என்பது. ஒவ்வொன்றும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வீட்டிலிருந்தும் பார்க்கும்படி எல்லாவற்றையும் நூலகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றினார். ஒவ்வொரு அலமாரியின் ஓரத்திலும் ஒரு சதுரக் குறியை அச்செடுத்து ஒட்டினார். பிள்ளைகள் நூலகத்து டேப்லெட்டை அதன் முன்னால் நீட்டினால் போதும், மேடத்தின் குரல் வந்து வழி சொல்லும். புரியாதவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். அசடு வழியாமல், யாரிடமும் கை நீட்டாமல், தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

கோட்டை சாருக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. "தொண்டைக்கு ஓய்வு குடுன்னு டாக்டர் சொன்னா, நீ கம்ப்யூட்டரோட பேசிக்கிட்டிருக்கே" என்று கேலி செய்தார். மேடம் சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர் குறுக்கப் பேசாது" என்று மட்டும் சொன்னார்.

பெற்றோர் கூட்டத்தன்றுதான் முதல் முள் தைத்தது. அவர் மேசைக்கு முன்னால் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். மகளின் மதிப்பெண்களைப் பார்க்கக்கூட இல்லை.

"சார், நீங்கதான் வீடியோ மேடத்தோட வீட்டுக்காரரா?"

"நான் சரித்திரம் எடுக்கறேன்" என்றார் அவர்.

"தெரியும் சார். எங்க வீட்டுல அந்தக் குரல் கேக்காத நாளே இல்ல. எங்க பொண்ணு பார்த்துப் பார்த்து இப்ப நானே ஆபீஸ்ல தேட வேண்டியதை அப்படித்தான் தேடறேன். மேடம் எந்த ரூம்ல இருக்காங்க?"

அவர் கையை நீட்டி வழி காட்டினார். அன்று மட்டும் எத்தனையோ பேருக்கு அப்படி வழி காட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே, "உன் ரசிகர் கூட்டத்துக்கு நான் வாட்ச்மேன் வேலை பார்த்தேன் இன்னிக்கு" என்றார். மேடம், "டீ வேணுமா, வேண்டாமா?" என்றார்.

மறுநாள் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையின் மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, காதில் இயர்போனைச் செருகி அந்த வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். குறை கண்டுபிடிக்கத்தான். எங்கேயாவது தப்பாகச் சொல்லியிருப்பாள், உச்சரிப்பு இடறியிருக்கும், சாயங்காலம் சாவகாசமாகச் சொல்லிக் காட்டலாம் என்ற நினைப்பு.

அம்புக்குறி ஒன்று திரையில் மெல்ல நகர்ந்தது. கூடவே குரல் வந்தது.

"அவசரமே இல்ல. மெதுவா பாருங்க. இந்த மூலையில ஒரு பூதக்கண்ணாடி படம் இருக்கு, தெரியுதா? அதை அழுத்துங்க. வேற எதையாவது அழுத்திட்டீங்களா? பரவாயில்ல, ஒண்ணும் உடையாது. பின்னால வந்துடலாம். நான் இங்கதான் இருக்கேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது யார் குரல்? தெரிந்த குரல்தான், ஆனால் கேட்டு வெகுகாலமான குரல். இன்னொரு வீடியோவில் அவர் மனைவி ஒரு சொல்லைத் தப்பாகத் தட்டச்சு செய்துவிட்டுக் களுக்கென்று சிரித்தார். "பாத்தீங்களா, எனக்கும் தப்பு வருது" என்றார். அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் பேச்சு என்பது, கேஸ் தீர்ந்துவிட்டது, மோட்டார் போடணும், துணி காயப் போட்டாச்சா என்ற அளவில் வந்து நின்றிருந்தது. அதில் அவருக்குக் குறையொன்றும் தோன்றியதில்லை. இத்தனை வருடம் ஆனால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தார். இப்போது தெரிந்தது, குரல் வற்றிப்போகவில்லை, வேறு பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. எவனோ ஓர் ஆறாம் வகுப்புப் பையன் தப்பான பொத்தானை அழுத்தினால் 'நான் இங்கதான் இருக்கேன்' என்கிறாள். நான் பர்ஸைத் தேடினால், 'வெச்ச இடத்துல பாருங்க' என்கிறாள்.

அன்றிலிருந்து அவர் புழுங்கத் தொடங்கினார். வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது, எரிய எரியப் பார்த்தார்.

பள்ளி விட்ட பிறகு ஒரு நாள் நூலகத்துக்குப் போனார். மேடமும் வேதியியல் ஆசிரியரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கிளம்பலையா?" என்றார் வாசலிலேயே நின்று.

வேதியியல் ஆசிரியர் ஹெட்போனைக் கழற்றினார். "வாங்க சார். மேடம் பேசும்போது வெளியில ஒரு நாய் குரைச்சிருக்கு. சரியா 'அமைதியா கேளுங்க'ன்னு சொல்ற இடத்துல. அதை வெட்டணுமா, விடணுமான்னு பார்க்கறோம்."

"நாயை விட்டுடுங்க. மனுஷங்களைத்தான் வெட்டியாச்சே" என்றார் கோட்டை சார்.

வேதியியல் ஆசிரியருக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்து வைத்தார். மேடத்துக்குப் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். வழியெல்லாம் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நடந்து வரலாம் போல இடைவெளி விட்டு நடந்தார்கள்.

பிறகு வந்தது வரைபட வீடியோ. பழைய நகரங்களின் வரைபடங்களைத் தொகுப்பில் எப்படித் தேடுவது, எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது, அதில் உள்ள குறிகளை எப்படிப் படிப்பது என்று மேடம் ஒரு திரைப்பதிவு செய்திருந்தார். உதாரணத்துக்கு ஒரு கோட்டை நகரத்தை எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு முழுக்க அதைப் பார்த்துவிட்டுத்தான் சரித்திர வகுப்புக்கு வந்தது. கோட்டை சாருக்கு இது தெரியாது.

அவர் வழக்கம்போல் சுண்ணக்கட்டியை எடுத்தார், மதில் எழுப்பினார், அகழி வெட்டினார். குரலைத் தாழ்த்தி, "பகைவர்கள் வெளியில மாசக்கணக்கா காத்திருக்காங்க. உள்ள தானியம் தீரல. ஏன்?" என்றார். இந்த இடத்தில் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வருடா வருடம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"ஆத்தங்கரைக்குச் சுரங்கப்பாதை இருக்கு சார்" என்றாள் முதல் வரிசைப் பெண்.

"வடகிழக்கு மூலையில சார். புள்ளி புள்ளியா போட்டிருக்கும்" என்றான் இன்னொருவன்.

"பெருசாக்கிப் பார்த்தா படிக்கட்டுகூடத் தெரியும் சார்."

பிள்ளைகள் உற்சாகமாகத்தான் சொன்னார்கள். அவருக்கோ யாரோ கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியது போல இருந்தது. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னார். அந்த வகுப்பில் அப்படி நடந்ததே இல்லை.

அன்று மாலை சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என் பாடத்தையும் எடுத்துக்கிட்டாச்சு இல்ல?"

மேடம் அடுப்பைத் தணித்தார். "நான் எந்தப் பாடத்தையும் எடுக்கல. வரைபடத்தை எங்க பார்க்கணும்னு காட்டினேன்."

"சுரங்கப்பாதை எங்க இருக்குனு சொன்னியா, இல்லையா?"

"அது வரைபடத்துலயே இருக்கு. நான் என்ன மறைச்சு வெக்கவா முடியும்?"

"இத்தனை வருஷமா நான் மறைச்சு வெச்சேன்ல!"

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளைங்க தானா கண்டுபிடிச்சதுக்குச் சந்தோஷப்பட வேண்டாமா? வாத்தியார்தானே நீங்க?"

 அந்தக் கேள்வி இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மறுநாள் நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போய், தானும் ஒரு திரைப்பதிவு செய்யப்போவதாகச் சொன்னார். முற்றுகைக் கதை முழுவதும். தலைமை ஆசிரியைக்கு ஒரே மகிழ்ச்சி. "பண்ணுங்க சார், நீங்க பண்ணாம யார் பண்ணுவா?"

செய்தி நூலகத்துக்கு வந்தது. மேடம் சண்டையை மறந்து, "நான் கூட இருந்து காட்டவா?" என்று கேட்டார்.

"வேண்டாம். சரித்திரம் எனக்குத் தெரியும்."

"சரித்திரம் தெரியும். பதிவு பண்ணத் தெரியணுமே."

"ஒரு பொத்தானை அழுத்தறதுக்கு ஒரு படிப்பா?"

மேடம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகிற போக்கில் வேதியியல் ஆசிரியர்தான் சொல்லிக் கொடுத்தார்: இந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும், இது நூலகப் பக்கத்தில் ஏற்றுவதற்கு. "எந்த ஜன்னலைப் பதிவு பண்ணணும்னு கேக்கும் சார், பார்த்துத் தேர்ந்தெடுங்க. முடிச்சதும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, மறந்துடாதீங்க" என்றார். கோட்டை சார் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டார். ஒன்றும் காதில் ஏறவில்லை. மனதுக்குள் முதல் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் தனியாக உட்கார்ந்தார். மின்தொகுப்பின் நுழைவுப் பக்கம் திறந்திருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கணினி ஏதோ கேட்டது, படித்துப் பார்க்காமலே இவர் சரி என்றார். கடவுச்சொல்லைப் போட்டதும் வரைபடம் வேறொரு ஜன்னலில் அழகாக விரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு தொடங்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, அன்று அவர் பேசியது பிரமாதமான பேச்சு. குதிரைகள் கனைத்தன, வானம் இருண்டது, காவல்காரன் கண் அசந்தான். நடுவில் செல்போன் அடித்தது. அவருடைய அக்கா. அக்கா கூப்பிட்டு எடுக்காவிட்டால் பிறகு ஒரு வாரத்துக்கு அந்தப் பேச்சு ஓயாது. எடுத்தார். 'என்னடா, குரலே சரியில்லையே' என்று அக்கா கேட்டதுதான் தாமதம், மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். பிறகு போனை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து முற்றுகையைத் தொடர்ந்தார். சிவப்பு விளக்கு இத்தனை நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. முடித்ததும் பெருமூச்சு விட்டு, ஏற்றுகிற பொத்தானை அழுத்தினார். ஓட்டிப் பார்க்கவில்லை. தன் பேச்சைத் தானே சரிபார்ப்பதாவது!

காலையில் நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் ஒரே டேப்லெட்டைச் சுற்றிக் குவிந்திருந்தார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. மேடம் எழுந்து போனதும் ஒருத்தி சட்டென்று திரையைக் கவிழ்த்தாள்.

"என்னம்மா?"

"கோட்டை சார் வீடியோ மேடம்." அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "நீங்களே கேளுங்க மேடம்."

மேடம் ஹெட்போனை வாங்கிக்கொண்டு தன் மேசைக்கு வந்தார். திரையில் நுழைவுப் பக்கம் மட்டுமே இருந்தது. 'கடவுச்சொல்லை இடவும்' என்ற காலிக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டியபடி இருந்தது. வரைபடமே வரவில்லை. அந்த அசையாத கட்டத்தின் மேல் அவர் கணவரின் குரல் போர் முழக்கம் செய்தது. மேடத்துக்கே சிரிப்பு முட்டியது. அப்போது போன் மணி கேட்டது.

"சொல்லுக்கா... குரலா? குரலுக்கு என்ன... என்னத்தச் சொல்றது போ. இங்க இப்ப அவதான் ராணி. தலைகால் புரியல. எனக்கு இப்ப பேரே வீடியோ மேடத்தோட வீட்டுக்காரர்... இல்லக்கா, சண்டை எல்லாம் இல்ல. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லயே, அதுக்காவது நாலு வார்த்தை பேசணும்ல... நீ அந்த வீடியோவைக் கேட்டதில்ல. அதுல ஒரு குரல் வருதுக்கா. தப்பா அழுத்தறவனைக்கூடத் தட்டிக் குடுக்கற மாதிரி. அவசரமில்ல, நான் இருக்கேன்னு. அந்தக் குரல்ல ஒரு தடவை, ஒரே தடவை, சாப்பிட வாங்கன்னு என்னைக் கூப்பிட்டா... பொறாமையா? ஆமா, பொறாமைதான். ஸ்கூல் புள்ளைங்க மேல பொறாமைப்படறேன், போதுமா? சிரிக்காதக்கா. சரி வை, பாடம் நடத்திக்கிட்டிருக்கேன்... ஆக, பகைவர்கள் வடக்கு வாசலை நோக்கி நகர்ந்தார்கள்."

 முதலில் அந்த 'தலைகால் புரியல' மேடத்தைச் சுருக்கென்று குத்தியது. காது மடல் சூடாகியது. அதற்குப் பின்னால் வந்ததை என்ன செய்வதென்றே அவருக்குத் தெரியவில்லை. வீடியோவை நூலகப் பக்கத்திலிருந்து நீக்கினார். நிமிர்ந்தபோது அந்தப் பெண்கள் மேசைக்கு எதிரில் நின்றிருந்தார்கள்.

"நாங்க யாருக்கும் சொல்லல மேடம்."

"தெரியும்மா. போங்க, மணி அடிக்கப் போகுது."

ஆனால் அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. கோட்டை சார் வகுப்புக்குள் நுழைந்தபோது வகுப்பு எழுந்து நின்ற விதமே வித்தியாசமாக இருந்தது. கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவர்கள்கூடத் தெரியாதது போல, "நீங்களே சொல்லுங்க சார், நல்லா இருக்கும்" என்றார்கள். ஒருத்தி அவர் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கேலி செய்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இது என்ன என்று புரியாமல் ஆசிரியர் அறைக்கு வந்தார். வேதியியல் ஆசிரியர் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார்... உங்க வீடியோல நடுவுல ஒரு போன் வந்திருக்கு."

"ஆமா, அக்கா. அதை அப்புறம் வெட்டிடலாம்ல?"

"நேத்தே ஏத்திட்டீங்களே சார். புள்ளைங்க பார்த்துட்டாங்க." அவர் தயங்கினார். "மேடமும் கேட்டுட்டாங்க."

 கோட்டை சார் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "வீட்டு விஷயத்தை வீட்டுல பேசுங்க சார்" என்றார். அதட்டவில்லை. உதட்டோரத்தில் வந்த சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வகுப்பு நேரத்தில் நூலகத்துக்குப் போனார். உள்ளே ஆறாம் வகுப்பு இருந்தது. மேடம் ஒரு சின்னப் பெண்ணின் தோளுக்கு மேல் குனிந்து, அதே குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். உட்காரச் சிறுபிள்ளைகளின் குட்டி முக்காலிதான் இருந்தது. முழங்கால் மோவாயை இடிக்க அதில் உட்கார்ந்து மணி அடிக்கும்வரை காத்திருந்தார். பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போகும்போது ஒவ்வொருவரும் "வணக்கம் சார்" என்றார்கள். அதுவும் ஒரு தண்டனையாகத்தான் இருந்தது.

தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். மேடம்தான் ஆரம்பித்தார்.

"எனக்குத் தலைகால் புரியலயா?"

"தப்புதான்."

"யார்கிட்ட சொல்றீங்க? உங்க அக்காகிட்ட. அவங்க இந்நேரம் குடும்பம் பூரா சொல்லி முடிச்சிருப்பாங்க. பத்தாததுக்கு ஸ்கூல் பூராவும் கேட்டாச்சு. நாளைக்கு அந்தப் புள்ளைங்க முன்னாடி நான் எந்த முகத்தோட நிப்பேன்? 'அவசரமில்ல, மெதுவா பாருங்க'ன்னு சொன்னா, அதுங்களுக்கு உங்க நினைப்புதானே வரும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தையல் கடையைத் தாண்டினார்கள். பழக்கடையில் யாரோ "சார்" என்று கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

"அது வேலைக் குரல்" என்றார் மேடம் சற்றுப் பொறுத்து. இப்போது கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "காலையிலேருந்து அதையே செலவு பண்ணிட்டு வரேன். வீட்டுப் படி ஏறும்போது மிச்சம் இருக்கறதில்ல. உங்களுக்குன்னு நான் ஒண்ணும் எடுத்து ஒளிச்சு வெக்கல."

"எனக்கு அது தெரியல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மட்டும் என்ன? அந்தப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு எத்தனை வருஷமா நான் உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கேன், தெரியுமா? ராணி அழறா, குதிரை ஓடுது, நிலா வருது, நீங்க என்னமா சொல்றீங்க! எழுதறதை நிறுத்திட்டுக் கேப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்தா அதே மனுஷன் பேப்பருக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்குவாரு. என்னங்கன்னா, ம். சாப்பிடறீங்களான்னா, ம். எனக்கு எரியாதா? அந்த ஒன்பதாம் க்ளாஸ் பெஞ்சுல போய் உட்கார்ந்துடலாமான்னு இருக்கும்."

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து விலகிப் போனார்.

"இதை நீ சொன்னதே இல்லையே?"

"நீங்க சொன்னீங்களா? மைக் ஓடிக்கிட்டிருந்ததால தெரிஞ்சுது."

அன்று வீட்டில் திடீரென்று பேச்சு பெருகி ஓடியது என்றெல்லாம் இல்லை. மேடத்துக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை. தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தார். கோட்டை சார் பேப்பரை எடுத்தவர், எடுத்த கையோடு மடித்து வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார். எல்லாவற்றையும் தப்பான இடத்தில் அடுக்கினார். மேடம் மாற்றி அடுக்கினார்.

முற்றுகை வீடியோவை மறுபடி செய்ய வேண்டியிருந்தது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். இந்த முறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கதை அவருடையது, அம்புக்குறி மேடத்தின் கையில். அவர் வடக்கு வாசல் என்றபோது அம்புக்குறி கிழக்கில் நின்றது.

"அங்க இல்ல, இங்க."

"இங்கன்னா எங்க? கையை நீட்டினா புள்ளைங்களுக்குத் தெரியுமா? திரையில நான் காட்டறதுதான் தெரியும். வாயால சொல்லுங்க."

"புள்ளைங்ககிட்ட இப்படித்தான் அதட்டுவியா?"

"புள்ளைங்க சொன்னா கேக்கும்."

"சுரங்கப்பாதையை மட்டும் இப்ப காட்டாத. கடைசியில காட்டு."

"சரி, காட்டல. அதுவரைக்கும் அம்பை எங்க வெக்கட்டும்?"

அவர் யோசித்தார். "ஆத்துல வை. அது பாட்டுக்கு ஓடட்டும்."

இதையெல்லாம் வேதியியல் ஆசிரியர் வெட்டட்டுமா என்று கேட்டார். மேடம், "வடக்கையும் கிழக்கையும் விட்டுடுங்க, புள்ளைங்களுக்குத் திசை மறக்காது. மத்ததை வெட்டிடுங்க" என்றார். அந்த வீடியோவைப் பிள்ளைகள் கதைக்காகப் பார்த்தார்களா, சண்டைக்காகப் பார்த்தார்களா என்பது தெரியாது. வகுப்பில் திசை கேட்டால் மட்டும் ஒருவரும் தப்பு செய்வதில்லை.

பருவத்தேர்வு முடிந்த சமயம், பக்கத்து நகரத்துப் பள்ளிகளின் நூலகர்களுக்குத் திரைப்பதிவு சொல்லித்தர மேடத்துக்கு அழைப்பு வந்தது. சில நாட்கள் அங்கேயே தங்க வேண்டும். காலையில் கோட்டை சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"அங்க எல்லாரும் புதுசா கத்துக்கறவங்கதானே?" என்றார்.

"ஆமா."

"தப்புத் தப்பா அழுத்துவாங்க."

"அழுத்துவாங்க. அதுக்குத்தானே போறேன்."

அவர் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்காதபடி எட்டி, குரலைத் தாழ்த்தி, "எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார்.

மேடம் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று தேடினார். கேலி இல்லை.

"இருக்கட்டும். கொஞ்சம் இருந்தாத்தான் தேவலை" என்றார். "சாயங்காலம் போன் பண்றேன். 'ம்'னு மட்டும் சொன்னீங்கன்னா வெச்சிடுவேன்."

பஸ் கிளம்பியது. அது திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்தார். அன்று முதல் பீரியட் அவருடையதுதான். மனைவிக்குச் சாயங்காலம் போனில் என்னவெல்லாம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.